தோல் எங்கே போகும், மாஸ்டர்?

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம். காலை நீட்டிக்கொள்வதானால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை. ஆனால் அதில் பாதிதான் என் காதில் விழுந்தது. மறு பாதி தொலைபேசிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அதை நீங்களே நிரப்பிக்கொள்வீர்கள். நீங்கள் கெட்டிக்காரர்கள் என்று எனக்குத் தெரியும்.

பெரிய தங்கும் விடுதி ஒன்றின் அடித்தளத்தில் சலவை அறை. ஜன்னல் கிடையாது. நீராவியில் சுவரே வியர்க்கும். அங்கே நானும் அவளும் விரிப்பு மடிப்பவர்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தால்தான் அந்த விரிப்புகள் மடியும். அவள் ஒரு காலத்தில் மிகவும் பருத்த உடம்புக்காரி. எடை குறைக்கும் நிலையம் ஒன்றில் சேர்ந்து, நடையாய் நடந்து, வாயைக் கட்டி, பாதி ஆளாகிவிட்டாள். எடை போய்விட்டது. தோல் போகவில்லை. வயிற்றிலும் கையிலும் தொடையிலும் அது அப்படியே தொங்கிப்போய் நின்றது.

அந்த நிலையத்தை நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய அழைப்பு வந்தது. அவளுடைய இரண்டு கையிலும் விரிப்பு. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். நான் மறுமுனையைப் பிடித்தபடி நின்றேன். இனி அவள் குரல்தான்.

ஹலோ... ஹலோ, யாரு?... ஓ, மாஸ்டரா! சொல்லுங்க... ஆமா, வேலையிலதான் இருக்கேன்... ஏன், ஞாயித்துக்கிழமைன்னா ஜனங்க நின்னுக்கிட்டா தூங்குறாங்க? விரிப்பு அழுக்காகத்தானே செய்யும்... ம், சொல்லுங்க.

நல்லா இருக்கேன்... ஆமா... ஆமா ஆமா, பாதியாத்தான் ஆயிட்டேன்... ஆமா, முட்டி வலி இல்ல... இருங்க, இருங்க. என்ன மாஸ்டர், குரலே ஒரு தினுசா இருக்கு? ரயில் லேட்டுன்னு ஸ்டேஷன்ல சொல்றாப்பல?... சளியா? சரி சரி.

எந்தத் தைலம்?... அந்தப் பச்சை பாட்டிலா?... ஆமா, குடுத்தீங்க... ஆமா, தேச்சேன்... தெனமும்தான் தேச்சேன், காலையிலயும் ராத்திரியும்... தோலா?

தோல் இறுகிடுச்சான்னு யாரக் கேக்குறீங்க? என்னையா?

மாஸ்டர், காலங்காத்தால சிரிக்க வைக்காதீங்க, கையில விரிப்பு இருக்கு. அக்கா, அந்த மூலைய விட்டுடாதீங்க, தரையில பட்டா மறுபடி துவைக்கணும்... இல்ல மாஸ்டர், இது எங்கூட வேலை செய்யிற அக்கா... சொல்றேன், கேளுங்க. தலகாணியில பஞ்ச உருவிட்டு உறைய மட்டும் ஆணியில மாட்டினா எப்பிடித் தொங்கும்? அப்பிடித்தான் தொங்குது. உங்க தைலம் தேச்சதுல ஒரே ஒரு மாத்தம். முன்னாடி சும்மா தொங்குச்சு, இப்ப பளபளன்னு தொங்குது.

இல்ல மாஸ்டர்... இல்ல... 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதுமா? யாருக்குப் போதும்?... எதுக்கு நான் ஆமான்னு சொல்லணும்? துணியில சுருக்கம் விழுந்தா இஸ்திரி போட்டு எடுக்கத் தெரிஞ்சவ நான். எது நிமிரும், எது நிமிராதுன்னு எனக்கே பாடம் எடுக்குறீங்களே!

பொறுமையா? பொறுமையா தேய்க்கணுமா?... மாஸ்டர், நான் சொல்றத முழுசாக் கேளுங்க. இந்த ரூம்ல எந்நேரமும் ஆவி. வயித்துத் தோலு ஏப்ரன் மாதிரி மடிஞ்சு கீழ விழுது. அந்த மடிப்புக்குள்ள வேர்வை நிக்குது. அதுல உங்க எண்ணெயையும் ஊத்துனா என்ன ஆகும்? வெந்துபோச்சு. செவந்து, தோலுரிஞ்சு, துணி பட்டா உயிர் போகும். உக்கார முடியல, குனிய முடியல. தோல் டாக்டரம்மாகிட்ட ஓடுனேன். அந்தம்மா பாட்டில மோந்து பாத்துட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க... அந்தப் பார்வை உங்களுக்கு வரவேண்டியது மாஸ்டர். நான் உங்களுக்குப் பதிலா வாங்கிட்டு வந்தேன்.

என்ன சொன்னாங்களா? எண்ணெய் கிண்ணெய் எதுவும் வேணாம், மடிப்ப ஈரமில்லாம வச்சுக்க, நடுவுல பருத்தித் துணி வச்சுக்கன்னாங்க. வருஷக்கணக்கா விரிஞ்ச தோலு தேச்சா திரும்பிப் போகாதும்மா, எடை ஒரே நிலையில நின்னப்புறம், ரொம்பத் தொந்தரவா இருந்தா, ஆபரேஷன் பண்ணித்தான் எடுக்கணும்னாங்க... அவங்களுக்குத் தெரியாதா? ஓஹோ! தோலுக்குன்னு படிச்சவங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கேக்குறவன் கேனையா இருந்தா எருமை ஏரோப்ளேன் ஓட்டுதும்பீங்க. அதுக்கு நீங்கதான் டிக்கெட்டும் கிழிப்பீங்க.

எனக்கு நம்பிக்கை இல்லையா? எனக்கா? வாயக் கட்டினது யாரு? விடியக்காலையில எந்திரிச்சு நடந்தது யாரு? நீங்க சைக்கிள் மேல உக்காந்துக்கிட்டு 'இன்னும் வேகமா, இன்னும் வேகமா'ன்னு பின்னாடியே வந்தீங்க. அதுவும் மெதுவாத்தான் வந்தீங்க. மாஸ்டர், கோவிச்சுக்காதீங்க, நீங்க ஒரு ரூமுக்குள்ள நுழைஞ்சா மொதல்ல உங்க தொப்பை வருது. அது வந்து எல்லாருக்கும் வணக்கம் சொல்லி முடிச்சப்புறம்தான் நீங்க வர்றீங்க. அதுக்குத் தேச்சீங்களா அந்தத் தைலத்த?

யாரு சிரிச்சது?

இல்ல, யாரோ சிரிச்சாங்க... டி.வி.யா? டி.வி.யில உங்க தொப்பையப் பத்தியா நாடகம் போடுறாங்க?... இல்ல, மறுபடியும் சிரிக்கிறாங்க. நாலஞ்சு பேரு... மாஸ்டர், எங்க இருக்கீங்க?... ஹாலுலயா? எந்த ஹாலு?

ஸ்பீக்கர்லயா போட்டிருக்கீங்க?

ஆஹா... ஆஹாஹா. புரிஞ்சுபோச்சு. இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்ல. புதுசா சேர வந்தவங்கள வரிசையா உக்கார வச்சு, ஜெயிச்ச பொம்பள ஒருத்திக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர்ல பேச விடுவீங்களே, அதானே? இந்த வாரம் என் முறையா? சொல்லவே இல்ல பாருங்க! அதான் ஸ்டேஷன் குரலா! அதான் 'ஆமா மட்டும் சொல்லு'வா!

அக்கா, விரிப்பக் கீழ போடுங்க. அழுக்கானா ஆகட்டும். நான் துவைச்சுக்கிறேன்.

வைக்காதீங்க மாஸ்டர்! இப்ப வச்சீங்கன்னா நேரா கிளம்பி அங்க வந்து நிப்பேன். தோளு வரைக்கும் கை தெரியிற சட்டை போட்டுக்கிட்டு, கையத் தூக்கி எல்லாருக்கும் டாட்டா காட்டுவேன். நான் ஆட்டுறத நிறுத்தினப்புறமும் அது ஆடிக்கிட்டு இருக்கும். பரவால்லயா?... ம். அந்த பயம் இருக்கட்டும்.

அங்க உக்காந்திருக்கிறவங்களே, வணக்கம். கேக்குதா?... கேக்குது, சரி. நானும் அந்த நாற்காலியில உக்காந்தவதான். அந்த நாற்காலி கை நம்ம தொடையில அழுந்தும், எந்திரிச்சா நாற்காலியும் கூடவே எந்திரிக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். அன்னைக்கு எவளோ ஒருத்தி போன்ல பேசினா. ஆமா மாஸ்டர், ஆமா மாஸ்டர்னு. நான் அழுதுட்டேன். நாமளும் இப்பிடி ஆகணும்னு. பாவி, அவளுக்கு எங்கெங்க தொங்குச்சோ, யாருகிட்டயும் சொல்ல முடியாம என்ன பாடு பட்டாளோ.

இருங்க மாஸ்டர், குறுக்க பேசாதீங்க, ரயில் இன்னும் கிளம்பல.

உங்களுக்கு முன்னாடி சுவத்துல பெருசா ஒரு படம் இருக்கா?... இருக்கா. அதுல இருக்கிறது நான்தான். இந்தத் தைலத்துக்காக மாட்டினதா?... 'தோல் சிக்கெனப் பிடிக்கும்'னு எழுதியிருக்கா? நல்லா இருக்கு எழுத்து. யாராவது ஒருத்தர் எந்திரிச்சுக் கிட்டப் போங்க. என் இடுப்புக்குப் பின்னாடி, வலது பக்கம், சட்டை ஓரத்துல பாருங்க. நீலமா ஒண்ணு எட்டிப் பாக்குதா?... பாருங்க, நல்லாப் பாருங்க... ஆங்! அது என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்.

துணி கிளிப்பு. அதேதான். கொடியில துணி பறக்காம இருக்க மாட்டுவோம்ல, அது. படம் எடுக்குற அன்னைக்கு, என் வயித்துத் தோல மொத்தமாப் பின்னாடி இழுத்து, துணியச் சுத்தி, கிளிப்பு போட்டு, 'மூச்ச விடாத, சிரி'ன்னாரு. ஊட்டமா சாப்பிட்டுட்டு வந்திருக்கலாமேன்னு வேற கேட்டாரு, மொகம் வாடியிருக்காம். பின்னாடி கிளிப்பு கவ்விக்கிட்டு நிக்குது, மொகம் மலருமா? அப்ப உடம்பு எளைச்சதுக்குன்னுதான் படம் புடிச்சாங்க. தைலத்துக்குன்னு யாரும் என்னையக் கேக்கல. நான் சம்மதிக்கவும் இல்ல. அத எல்லாரும் கேட்டுக்கங்க.

என்ன மாஸ்டர்?... தங்கச்சியா? இப்ப நான் உங்க தங்கச்சி ஆயிட்டேனா? மடிப்பு வெந்துபோய் நான் போன் போட்டப்ப, 'குளிக்கிறது இல்லையா நீ'ன்னு கேட்டீங்களே, அப்ப யாரு நானு? வெக்கத்துல அன்னைக்கு முழுக்கத் தேச்சுத் தேச்சுக் குளிச்சேன்யா. புண்ணு மேல. உன் கேள்விய நம்பி.

...யாரு?... யாரும்மா பேசுறது?... ஓ, போன வாங்கிட்டீங்களா? சபாஷ். சொல்லுங்கம்மா.

ம்... ம்... அழாதீங்க. மூச்சு விட்டுட்டுப் பேசுங்க... ம். ரொம்ப நாளா யோசிச்சு இன்னைக்குத்தான் வந்தீங்களா... வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கீங்களா? நானும்தான் போயிருக்கேன்.

இல்லம்மா! இல்ல இல்ல. எளைக்காதீங்கன்னு நான் சொல்லவே இல்ல. நடங்க. டாக்டர்கிட்டக் கேட்டுட்டு, மெதுவா, உங்களுக்கு எது ஒத்துக்குதோ அதப் பண்ணுங்க. எனக்கு சர்க்கரை எறங்கிடுச்சு. படியேறினா நெஞ்சு அடைக்கல. என் செருப்ப நானே குனிஞ்சு மாட்டுறேன்மா, அந்த சந்தோஷத்த என்னன்னு சொல்ல. மறுபடி கேட்டாலும் நடந்திருப்பேன்.

ஆனா தொங்கும்மா. நெறய எளைச்சா தொங்கும், சில பேருக்குக் கம்மியா, சில பேருக்கு என்னைய மாதிரி. கண்ணாடியில பாத்தா திக்குன்னு இருக்கும். அது உங்க தப்பு இல்ல. சோம்பேறித்தனம் இல்ல, அழுக்கு இல்ல. இவ்ளோ நாள் உங்களச் சொமந்த தோலு, அவ்ளோதான். தொந்தரவு பண்ணுச்சுன்னா அதுக்குன்னு படிச்ச டாக்டர் இருக்காங்க. அதுக்குப் பாட்டில்ல பதில் கெடையாது... புருஷனா? அவர் என்ன சொல்றது? எங்கூட்டுக்காரரு மொத நாளு பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. நான் சொன்னேன், திருப்பின பக்கமே வச்சுக்கங்க, கழுத்து சுளுக்கிக்கிட்டா என்கிட்ட ஒரு பச்சை பாட்டில் இருக்குன்னு. இப்ப அவரே பருத்தித் துணி கிழிச்சுக் குடுக்குறாரு.

சிரிக்கிறீங்களா? அப்பிடி. அப்பிடித்தான் சிரிக்கணும்.

...யாரு புடுங்குனது? மாஸ்டரா? குடுங்க அந்தம்மாகிட்ட!... கேஸ் போடுவீங்களா? போடுங்க. கோர்ட்டுலயும் கிளிப்பு மாட்டிக்கிட்டு வர்றேன். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறவங்களப் பாத்திருக்கேன், மனுஷி தோல மனுஷி முதுகுலயே மறைச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்... என் படத்த எறக்குங்க. வேற பேச்சே இல்ல. இன்னைக்கே எறக்குங்க... முடியாதா? ஆணி அடிச்சுட்டீங்களா? அடிச்ச ஆணியப் பிடுங்கத் தெரியாதா?

அது என்ன சத்தம்?... நாற்காலி இழுக்குற சத்தமா?... மாஸ்டர், யாரப் பாத்து 'எறங்கு எறங்கு'ன்னு கத்துறீங்க?... நாற்காலி மேல யாரு ஏறியிருக்கா? அந்தம்மாவா? ஐயோ, பாத்து ஏறச் சொல்லுங்க, யாராவது நாற்காலியப் புடிச்சுக்கங்க!

...கழட்டிட்டாங்களா?

அம்மா, கேக்குதா? கிழிச்சிடாதீங்க. என் மொகமும் அதுலதான் இருக்கு. சுருட்டி நீங்களே எடுத்துட்டுப் போங்க. எனக்குன்னு வச்சிருங்க, நான் வந்து வாங்கிக்கிறேன். வரும்போது ரெண்டு பேருமா அப்பிடியே நடக்கலாம்... மாஸ்டர், வழிய விடுங்க, அவங்க வெளிய போகட்டும்... வழிய விடுங்கன்னு சொல்றேன்... ஹலோ?... ஹலோ?

வச்சுட்டான், அக்கா.

அவ்வளவுதான் கண்ணுகளா என் காதில் விழுந்தது. அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். விரிப்பின் தன் முனையைத் தரையிலிருந்து எடுத்து உதறினாள். கை உயர்ந்தபோது தோல் ஆடியது. சட்டைக் கையை இழுத்து மூடுவாள் என்று பார்த்தேன், மூடவில்லை.

உங்கள் வீட்டில் இளைத்தவர் இருக்கட்டும், பருத்தவர் இருக்கட்டும், இரண்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பவரும் இருக்கட்டும். புண்ணைச் சொன்னால் வெட்கப்படுத்தாத காது ஒன்று உங்கள் கூரைக்குக் கீழே எப்போதும் இருக்கட்டும். உங்கள் வாசல் வரை வந்து தயங்குகிறவரைக் கை பிடித்து உள்ளே அழைக்கும் மனசு உங்கள் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் வாய்க்கட்டும். நன்றாயிருங்கள்.