ஜன்னல் கம்பியில் நுழையாத போர்வை

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் ஆகியவை தனித்தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி இணைக்கப்பட்டுள்ளன. இந்த வாக்குமூலத்தின் நகல் புகார்தாரருக்கும் கொடுக்கப்படும் என்று அதிகாரி சொன்னதால் அவ்வாறு செய்யும்படி கேட்டுக்கொண்டேன். வயது ஐம்பத்து மூன்று. தொழில், ஒட்டுப்போர்வை தைக்கக் கற்றுக்கொடுப்பது. நான் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதினார்.

துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணி ஒன்று செய்து, அதன் கீழே பஞ்சு விரிப்பு, அதற்கும் கீழே அடித்துணி வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைப்பதுதான் ஒட்டுப்போர்வை. மாதத்தில் இருபது நாள் இரண்டு பெட்டிகளோடு ஊர் ஊராகப் போய் இதைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். விடுதியில் தங்குவதில்லை. அந்தந்த ஊர்த் தையல் சங்கத்தில் யாராவது ஒருவர் தன் வீட்டில் படுக்கை கொடுப்பார். பதினோரு வருடமாக இப்படித்தான். ஆட்களின் பெயர் என் மனதில் நிற்காது, ஆனால் தையலைப் பார்த்தால் யார் கை என்று சொல்லிவிடுவேன்.

இங்குள்ள சங்கத்தில் மூன்று நாள் வகுப்பு எடுப்பதற்காகச் சென்ற திங்கட்கிழமை மாலை வந்து சேர்ந்தேன். தங்குவதற்குப் புகார்தாரரின் வீட்டை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் ஓர் அலுவலகத்தில் மேலாளர். எல்லோரும் அவரை சார் என்றே அழைப்பார்கள், சங்கத் தலைவியின் கணவர் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறார். தன் மனைவியும் தைப்பவள் என்றும் டீச்சர் தன் வீட்டிலேயே தங்கட்டும் என்றும் சாரே முன்வந்து சொன்னதாகத் தலைவி கூறினார். மேற்படி மனைவிக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். நான் தங்கச்சி என்று கூப்பிட்டேன், அவள் என்னை அக்கா என்றாள். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

செவ்வாய் காலை எட்டரை மணிக்கு சார் தன் காரில் என்னை மண்டபத்தில் இறக்கிவிட்டார். கிளம்பும் முன் வாசல் கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். உள்ளே ஆள் இருக்கிறதே என்று கேட்டதற்கு, "தெருவுல திருட்டு பயம் மேடம், அவ தனியா இருக்கா பாருங்க" என்றார். நானும் எவ்வளவு அக்கறையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். மாலை வந்ததும் தங்கச்சியிடம், "நீ கொடுத்து வச்சவ" என்று வேறு சொல்லிவிட்டேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். எனக்கு அவ்வளவுதான் அறிவு இருந்தது.

அதன் பிறகு அவள் பீரோவைத் திறந்து தன் தையலைக் காட்டினாள். மேல்துணி ஒன்பது இருந்தன. மூலைகள் எல்லாம் முனை பிசகாமல் சேர்ந்திருந்தன, என்னிடம் படித்தவர்களில் இரண்டு பேருக்குத்தான் அந்தக் கை உண்டு. ஒன்றில்கூடப் பஞ்சு வைக்கப்படவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆரம்ப சூரத்தனம் எனக்குப் பிடிக்காது, ஒன்றையாவது முடித்தால் என்ன என்று திட்டினேன். அதற்கு அவள், "பஞ்சு வச்சு நாலு பக்கமும் இழுத்துப் பிடிக்க ஆள் வேணுமேக்கா, எனக்கு இருக்கிறது ரெண்டு கைதானே" என்றாள். என் வகுப்பில் முதல் நாள் நானே சொல்லிக்கொடுக்கும் விஷயம் அது. துணிகளைத் தடவிப் பார்த்தேன். வெளுக்காத, கசங்காத நல்ல துணிகள், சிலவற்றில் கடை மடிப்புகூடக் கலையவில்லை. எங்கிருந்து என்று கேட்டேன். வெளியே போகும்போது உடுத்த வைத்திருந்தவை என்றும், இனி எங்கே போகப்போகிறோம் என்று ஒவ்வொன்றாக வெட்டிவிட்டதாகவும் சொன்னாள். கதவைப் பூட்டுவது எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, ஏழு வருடம் என்றாள்.

அன்று சாப்பிடும்போது நான் சாரிடம், நாளைக்குத் தங்கச்சியை வகுப்புக்கு அழைத்துப் போகிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "தாராளமா" என்றார். தங்கச்சி தட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

புதன் காலை ஏழு மணிக்கு நான் எழுந்தபோது காரைக் காணவில்லை. வாசல் கதவு வெளியே பூட்டியிருந்தது, பின்கதவும் அப்படியே. என் கைபேசியிலிருந்து தலைவிக்குச் சொன்னேன். தலைவி சாரை அழைத்துப் பேசிவிட்டு, அவர் வெளியூர் வேலையாகப் போயிருப்பதாகவும், பழக்க தோஷத்தில் பூட்டிவிட்டதாகவும், மாலை ஐந்து மணிக்கு வந்துவிடுவதாகவும், வீட்டில் எல்லாம் இருக்கிறது என்று டீச்சரிடம் சொல்லச் சொன்னதாகவும் கூறினார். அதன் பிறகு ஒன்பது இருபதுக்கு நான் இந்தக் காவல் நிலையத்துக்கே போன் செய்தேன். எடுத்தவர், சொந்த வீட்டைப் பூட்டுவது குற்றம் ஆகாது, சாயங்காலம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டார். இந்த வரி வேண்டாமே என்று அதிகாரி சொன்னார். வேண்டும் என்று நான் சொன்னதால் எழுதப்பட்டது.

வீட்டில் மூன்று அறைகள், தெருவைப் பார்த்து ஒரே ஜன்னல், அதில் நான்கு விரல் இடைவெளியில் இரும்புக் கம்பிகள். நான் கதவைத் தட்டினேன், உதைத்தேன், குளியலறை வென்டிலேட்டர் வரை ஏறிப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை. தங்கச்சி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து, "முதல் நாள் அப்படித்தான்க்கா இருக்கும். அப்புறம் பழகிடும்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். தெருவில் ஒரு சைக்கிள் போனது. பார்க்காமலேயே, பால்காரர் இன்றைக்குத் தாமதம் என்றாள். அந்த நிமிடம் வரை நான் எப்படி வெளியே போவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குச் சங்கத்துப் பெண்கள் பதினான்கு பேரும் வேனில் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் எல்லோரும் கத்திரி என்று கூப்பிடும் ஒருவர், வாய் நீளமானவர், பூட்டை உடைக்கச் சுத்தியல் கேட்டார். தலைவி அழுகிற குரலில், "எங்க வீட்டுக்காரர் வேலைக்கு உலை வச்சிடாதீங்க" என்றார். சுத்தியல் வேண்டாம் என்று நானும் சொன்னேன். அதற்கு கத்திரி, "அப்போ இன்னிக்குப் பாடத்தை இங்கயே நடத்துங்க, நாங்க என்ன சும்மா போறதா" என்றார். தெருவைப் பெருக்கித் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்றைய பாடம் மூன்று அடுக்கையும் சேர்ப்பது. அதற்கு முடித்த மேல்துணி வேண்டும், வகுப்பில் யாரும் முடித்திருக்கவில்லை. பீரோவில்தான் ஒன்பது இருந்தன. தங்கச்சியிடம் கேட்டேன். "அவருக்குத் தெரிஞ்சா" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு பீரோவைத் திறந்து, நீலமும் மஞ்சளுமான ஒன்றை எடுத்து நீளவாக்கில் மடித்து, அவளே கம்பிக்கு இடையே வெளியே விட்டாள். தபால் போடுவது போல அது வழுக்கிக்கொண்டு போனது.

அதன் பிறகு நான் உள்ளே நின்று சொல்ல, வெளியே அவர்கள் அடித்துணியும் பஞ்சும் விரித்து, மேலே அவளுடைய துணியைப் போட்டு, எட்டுப் பேர் நாலு பக்கமும் இழுத்துப் பிடிக்க, மற்றவர்கள் நடுவிலிருந்து ஓரம் வரை நீளத் தையல் போட்டார்கள். அந்த வீட்டு அறைகளில் அதை முழுதாக விரிக்க இடம் இல்லை. தான் தைத்ததை முழுதாக அவள் பார்ப்பது அதுவே முதல் தடவை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோ பெருசாவா தச்சேன்" என்று கேட்டாள். ஒரு மூலையில் சுருக்கம் விழுந்ததைப் பார்த்து, இழுங்க, அந்தப் பக்கம் இழுங்க என்று சத்தம் போட்டாள். அவள் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான்கரை மணிக்கு வேலை முடிந்தது. சார் வருவதற்குள் போர்வையைத் திரும்ப உள்ளே கொடுத்துவிடலாம் என்று தலைவி முயன்றார். பஞ்சு வைத்துவிட்டால் போர்வை தடித்துவிடும். சுருட்டியும் மடித்தும் பார்த்தார்கள், நான்கு விரல் இடைவெளியில் ஒரு மூலைகூட நுழையவில்லை. எனக்கு அது முன்பே தெரியும். ஊர் ஊராகப் போவதற்கு முந்தியதையும் சேர்த்தால் இருபது வருடத் தொழில். காலையில் தெரிந்தேதான் கேட்டு வாங்கினேன். தங்கச்சி என்னைப் பார்த்து, "இது உள்ள வராதேக்கா" என்றாள். "வராது. நீதான் வெளிய போகணும்" என்றேன். போர்வையை எடுப்பதற்காக மட்டும் அப்படிச் சொன்னேனா என்று அதிகாரி கேட்டார். இல்லை.

ஐந்து பத்துக்கு சார் வந்தார். அதற்குள் அக்கம்பக்கத்தாரும் வாசல்களில் நின்றிருந்தார்கள். அவர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, என்னிடம் மன்னிப்புக் கேட்டு, கதவைத் திறந்தார். நான் என் பெட்டிகளோடு வெளியே வந்தேன். தெருவில் விரித்திருந்ததைப் பார்த்த பிறகு அவர் மனைவியிடம் தாழ்ந்த குரலில், "எடுத்துட்டு உள்ள வா" என்றார். அவள் செருப்பில்லாமல் படி இறங்கினாள். அவ்வளவு பெரிய போர்வையை ஒருவர் மடிக்க முடியாது. மறுமுனையை யார் பிடிப்பார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, தலைவி போய்ப் பிடித்தார். ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு பேரும் நெருங்கி வந்தார்கள். கடைசி மடிப்பில் தலைவி அவள் காதில் ஏதோ சொன்னார். என்ன என்று எனக்குக் கேட்கவில்லை.

அதன் பிறகு தங்கச்சி போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பாமல், வேனை நோக்கி நடந்தாள். யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. வேனின் கதவைத் திறந்தது நான். அது குற்றமென்றால் ஒப்புக்கொள்கிறேன். சார் இரண்டு முறை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதினான்கு பேரும் வழியில் நின்றார்கள், நகரவில்லை.

அவர் மனைவியை நான் கடத்தியதாகவும் போர்வையைத் திருடியதாகவும் புகார். அவள் தானாக வந்தாள். போர்வை அவள் தைத்தது. அவள் இருக்குமிடத்தைச் சொன்னால் என் மீது நடவடிக்கை இராது என்று அதிகாரி சொன்னார். எனக்கு அந்த இடம் தெரியும், சொல்ல மாட்டேன். வழக்குச் சொத்தாகக் கைப்பற்ற வேண்டும், போர்வையையாவது ஒப்படையுங்கள் என்றார். அதை ஒருவர் போர்த்திக்கொண்டு தூங்குகிறார், தர முடியாது. நகல் புகார்தாரருக்குப் போகும் என்பதால் அந்த இடத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் உட்பக்கம் இருக்கிறது.

இதுவரை உள்ளவை யாவும் நான் சொன்னபடியே எழுதப்பட்டவை. முழுவதும் படித்துக் காட்டப்பட்டது. பொய்யில்லை என்று உறுதி கூறி, ஒவ்வொரு தாளின் கீழும் என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)