மேவிஸ் பாடிய ஆறு பாட்டுகள்

மழை வருவதற்குள் கொடியில் கிடந்த துணிகளை எடுக்க வேண்டியிருந்தது, தாமதத்துக்கு மன்னியுங்கள். விருதுக் குழுவிலிருந்து வருகிறீர்கள் என்றதுமே விஷயம் புரிந்துவிட்டது. நான் ஃபெர்கஸ். எங்கள் ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். ஆல்பத்தின் ஒலிக்கலவையும் என்னுடையதுதான்.

ரான்ஃபர்லி பக்கம் மரேயின் ஆட்டுப் பண்ணையில், கம்பளி கத்தரிக்கும் கொட்டகையை ஸ்டூடியோவாக்கிப் பதிவு செய்தோம். பாடகி இமொஜென் நல்ல பெண். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஒன்றுதான் சொல்வாள்.

"ஃபெர்கஸ், உன் பேஸைக் கொஞ்சம் குறைச்சுக்கப்பா. என் குரலே கேக்க மாட்டேங்குது."

டிரம்மர் கேலம் சிரிப்பான். "இதுக்கு மேல குறைக்கணும்னா அவன் வீட்டுல உக்காந்துதான் வாசிக்கணும்."

எனக்கு அதில் வருத்தமே கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பாட்டுக்கு நீண்ட ஓலம் ஒன்று தேவைப்பட்டது. இமொஜென் எத்தனை முறை கத்தியும் அமையவில்லை. அன்று மாலை மரே, மேவிஸ் என்ற ஆட்டின் குட்டிகளைப் பிரித்து வேறு வேலிக்குள் விட்டார். மேவிஸ் கொட்டகை வாசலில் நின்று கதறியது. மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை.

அந்தக் கதறலை இமொஜென் குரல் இருந்த இடத்தில் வைத்தேன். பொருந்தியது. பிறகு மற்றப் பாட்டுகளிலும் வைத்துப் பார்த்தேன். ஆல்பம் வெளியானபோது அதில் ஆறு பாட்டு மேவிஸ் பாடியது. எங்கள் மாதிரிச் சுயாதீன ராக் குழுக்களிடம் வார்த்தை புரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

விமர்சகர்கள் உருகிப்போனார்கள், நீங்களும் விருது கொடுத்தீர்கள். 'பெற்றதைப் பறிகொடுத்தவளின் குரல்' என்று ஆக்லாந்துப் பத்திரிகை ஒன்று எழுதியது. பேஸ் கிட்டாரைப் பற்றி ஒரு வரி இல்லை. இமொஜென் ஆல்பத்தைக் கேட்டு அழுதாள்.

"நானா இப்படிப் பாடினேன்? எனக்கே ஞாபகம் இல்லையே."

"உயிரைக் குடுத்துப் பாடுனே," என்றேன்.

வெற்றி விருந்துக்கு மரே ஓர் ஆடு தருவதாகச் சொன்னார்.

"எது வேணும்னு நீயே காட்டுப்பா."

காட்டினேன். ஒரு குழுவில் இரண்டு பாடகிகள் இருந்தால் மனஸ்தாபம்தான் வரும். புதினா சாஸ் நன்றாக அமைந்திருந்தது. இமொஜென் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மேடையில்தான் சிக்கல். கூட்டம் அந்த ஓலம்தான் வேண்டும் என்று கேட்டது. அவளும் ஊர் ஊராக முயன்றாள். வெலிங்டனில் தொண்டை ஒரேயடியாகப் போய்விட்டது. இனிப் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது எல்லாம் சைகைதான். பேஸைக் குறைக்கச் சொல்லும் சைகை மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஆமாம், எல்லாம் நான்தான். விருதைத் தாராளமாக எடுத்துக்கொண்டு போங்கள். ஆனால் பொறாமையால் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இசைக்கு எது நல்லதோ அதைத்தான் செய்தேன், யாருக்கும் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை.

அடுத்த ஆல்பத்துக்கு ஏற்பாடு நடக்கிறது. கேலமுக்கு இப்போதெல்லாம் தாளம் இழுக்கிறது, பாவம். பக்கத்துப் பண்ணையில் ஒரு கழுதை தகரக் கதவை உதைப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓர் அடிகூடப் பிசகுவதில்லை.