கத்தாத கார்

குற்றாலம் மெயினருவியில் பெண்கள் வரிசை நகரவே இல்லை. ஒட்டுக்கேட்கும் எண்ணமில்லை, ஆனால் காதை எங்கே கொண்டு வைப்பது? எனக்கு முன்னால் நின்றவள் சொன்னாள்: "நேத்து எங்க கார் கத்திட்டு மைனி. எனக்கு அழுகையே வந்துட்டு."

"கார் கத்துனதுக்கா அழுவாவ?"

"எம் மக காய்ச்சல்ல கெடந்து எலும்பாப் போயிருந்தாள்லா? முன்சீட்டுல பெல்ட் போடாம உக்காந்தாலும் கார் கம்முன்னு கெடக்கும். சென்சார் போச்சுன்னு செங்கோட்டையில காட்டுனோம். மெக்கானிக் அண்ணாச்சி உக்காந்தாவ, உடனே கத்திட்டு. 'வண்டி நல்லாத்தான் இருக்கு, வெயிட்டு இருந்தாத்தான் ஆள் இருக்குன்னு அதுக்குத் தெரியும்'ன்னுட்டாவ. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல."

"எங்க பழைய வண்டியில இந்தப் பாடே கெடையாது. ஆள் உக்காந்தாலும் கத்தாது, அரிசிமூடைய வச்சாலும் கத்தாது."

"நானும் மொதல்ல, இது என்ன சும்மா சும்மா கத்துதுன்னு இதை ஏசுனேன். இப்ப காய்ச்சல் விட்டு, எம் மக மூணு வேளையும் நல்லாத் திங்கா. நேத்து ஏறி உக்காந்தா பாருங்க, கீ கீன்னு ஒரே கத்து!"

"பெல்ட்டப் போடச் சொன்னியாட்டி?"

"சொன்னேன். 'இரும்மா, இன்னுங் கொஞ்ச நேரம் கத்தட்டும்'ங்கா."