காற்றுக்கு வைத்த உப்பு

பழவேற்காட்டில் பொரித்த அப்பளம், சோற்றைப் பிசைந்து முடிப்பதற்குள் நமுத்துப்போகும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. நடுவில் உட்கார்ந்துகொண்டு காற்றில் ஈரம் என்று குறைப்பட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் வெளியூர்க்காரர் என்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன். ஈரத்தைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல முடியாது.

என் பெயர் வேணு என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறீர்கள். லைட்ஹவுஸ் குப்பத்தில் மரத்தில் சின்னக் கப்பல்கள் செய்கிறேன். டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்த காலத்தில், முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களை முழ நீளத்துக்குச் சுருக்கிச் செய்வேன். பழைய வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஜெகபர் அலிக்கு, அந்தக் காலத்துப் பழவேற்காட்டையே மாதிரியாகச் செய்து தம் வீட்டு முன்கூடத்தில் வைக்க ஆசை. கோட்டை, கிடங்கு, தறி வீடுகள், கப்பல் எல்லாம் எங்கள் வீட்டு முன்னறையில்தான் உருவாயின. எங்கள் என்றால், நானும் என் மனைவி இந்திராணியும்.

முதலில் வர்ணமும் நான்தான் அடித்தேன். தூரிகை போன தடம் அப்படியே தெரியும். அதைப் பார்த்துவிட்டு ஜெகபர் அலி ஓர் ஏர்பிரஷும் பழைய கம்ப்ரசர் ஒன்றும் வாங்கித் தந்தார். கம்ப்ரசர் காற்றை டேங்கில் அடைத்து வைக்கும். அந்தக் காற்று, பேனா பருமனுள்ள ஏர்பிரஷ் வழியாக வர்ணத்தைப் பனியாகத் தூவும். நான் பிடித்தால் வர்ணம் வழிந்தது. இந்திராணி பிடித்தாள், வழியவில்லை. திருப்பாலைவனத்தில் நெல் விளைக்கிற வீட்டுப் பெண் அவள். அவள் கப்பலைக் கண்ணால் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். ஆனால் உப்புக் காற்றில் வெளுத்த பலகை, பாய்த்துணியின் மடிப்பில் தங்கிய அழுக்கு எல்லாம் அவள் கையில் தானாக வந்தன.

ஜெகபர் அலி கப்பலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேணு, நீ கட்டை வேலைய மட்டும் பாத்துக்க. கலரு அம்மா கையிலயே இருக்கட்டும்" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். நானும் சிரித்து வைத்தேன். பெண்டாட்டி பெயர் வாங்கினால் வயிறெரிகிற ஆள் நான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் சொல்ல நாக்குக் கூசுகிறது.

டேங்கில் அடைபடும் காற்றிலிருந்து ஈரம் பிரிந்து அடியில் தண்ணீராகத் தேங்கும். விட்டுவைத்தால் அது காற்றோடு ஏறி வர்ணத்தில் துப்பும். அப்புறம் பாய்த்துணி முழுக்க அம்மைத் தழும்புதான். அதனால் வேலை முடிந்ததும் டேங்கின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். அது என் பொறுப்பு. காற்று உள்ளே நுழைகிற வாயில் ஒரு டப்பாவும் வைத்திருந்தோம். அதில் ஈரத்தை உறிஞ்சும் நீல மணிகள் இருக்கும். அவை நிறம் மாறினால் வாணலியில் வறுத்துத் திரும்பப் போடுவோம். ஒரு நாள் அந்த மணிகளை எடுத்துவிட்டு, கருவாட்டுக்குப் போடுகிற கல்லுப்பை நிரப்பினேன்.

"இன்னாய்யா இது, உப்பா?" என்றாள் இந்திராணி.

"மீனுல கீற தண்ணியையே இழுக்குது. காத்துல கீறத இழுக்காதா?"

அவள் சிரித்தாள். "ஆமாய்யா, எனக்கு இது தோணவே இல்லியே."

இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். கருவாடு காயவைக்கிற ஊரில் ஈரம் என்றாலே கை உப்புக்குத்தான் போகும். தெரியாமல் செய்துவிட்டேன் என்றால் நீங்களும் நம்பிவிடுவீர்கள். ஆனால் நான் படகு எஞ்சின்களோடு வளர்ந்தவன். உப்பு ஈரத்தை இழுத்துத் தானும் கரைந்து ஓடும், போகிற இடத்தில் இரும்பை அரிக்கும் என்று எனக்குத் தெரியும். உப்புத்தண்ணீர் அவள் வர்ணத்தில் தெறிக்க வேண்டும், ஜெகபர் அலி ஒரு தடவை முகம் சுளிக்க வேண்டும், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது.

தெறிக்கவில்லை. ஏர்பிரஷுக்குப் போகிற குழாயில், ஈரத்தைப் பிடித்து நிறுத்த ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை அவளே மாட்டி வைத்திருந்தாள். வந்த தண்ணீரெல்லாம் அதிலேயே நின்றது. வேலை முன்னைவிடச் சுத்தமாக இருந்தது. அப்போதாவது உப்பை எடுத்திருக்கலாம். எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பாளே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மழைக்காலம் முழுக்க அந்த உப்பு இருந்தது. வடிகிற தண்ணீர் மஞ்சளானது, பிறகு செங்காவி ஆனது. கொல்லையில் ஊற்றிக் காலால் மண்ணைத் தள்ளி மூடுவேன்.

"தண்ணி எப்டிய்யா வருது?" என்று உள்ளேயிருந்து கேட்பாள்.

"வெறுந்தண்ணிதான்" என்பேன்.

பிறகு வடிப்பதையே விட்டுவிட்டேன். கையில் துரு வாடை ஒட்டிக்கொண்டது, எனக்குப் பிடிக்கவில்லை.

டேங்க் வெடித்ததையும், தகடு அவள் வலது கையில் பாய்ந்ததையும், ஆஸ்பத்திரியில் கையை மணிக்கட்டோடு எடுத்ததையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். அவள் சொன்னதையும் எழுதினீர்கள்: "எம்மேலதான் சார் தப்பு. ரொம்ப நேரம் ஓட வுட்டுட்டேன்." நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். விபத்து என்று போட்டுவிட்டு நீங்கள் கிளம்பினீர்கள்.

நீங்கள் போனதும் அவள் என்னிடம் கேட்டாள்.

"கப்பலு இன்னா ஆச்சுய்யா?"

"ஒண்ணும் ஆவல."

"ஒரு கீறலுகூடவா இல்ல?"

"இல்ல."

"அதுவாவது தப்பிச்சுதே. எத்தினி நாளு ஒயப்பு உன்னுது" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் நிம்மதி இருந்தது. எனக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது. அதனால்தான் உங்களைத் தேடி வந்தேன்.

கோட்டையும் கிடங்கும் தறி வீடுகளும் தூளான அறையில் கப்பல் மட்டும் எப்படித் தப்பியது என்று நீங்கள் கேட்கவில்லை. அன்று காலை கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது, டேங்கின் அடியில் ஒரு துளி சிவப்பாகக் கசிவதைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் காற்று சீறுவதும் கேட்டது. சுவிட்ச் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இந்திராணி எனக்கு முதுகைக் காட்டியபடி கோட்டைச் சுவருக்கு வர்ணம் தூவிக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் கப்பலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், பக்கத்து வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, தெருவில் நின்று காத்திருந்தேன்.