ருமேனியாவுக்கு ஒரு ஸ்கார்ஃப்

தேத்தண்ணியை முதலில் குடிங்க மகள், ஆறிடும். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறேன். ஜீப்பைக் கீழே நிறுத்திவிட்டு இந்த மழையில் லயத்து வீடு வரைக்கும் ஏறி வந்திருக்கீங்க. பொலிஸ் உத்தியோகம் என்றாலும் கால் வலி எல்லாருக்கும் ஒன்றுதானே. கேட்க வந்ததை மெதுவாகக் கேளுங்க. உள்ளே லோஜினி தூங்குகிறாள். அவள் எழும்பும்வரை எனக்கு வேலை இல்லை.

துஷாந்தனை நீங்க பிடித்து வைத்திருப்பது சரியில்லை. ரப்பர் ஸ்டோரில் ரப்பர் கட்டியை நசுக்கி ஷீட்டாக்கும் ரோலர் மெசின் அவன் பொறுப்பு, மறைப்புத் தகடு இல்லாமல் ஓட்டினான், அதெல்லாம் உண்மை. ஆனால் அந்தத் தகடு கழன்று எவ்வளவோ காலம். கழன்று கிடக்கிறது என்று எனக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

நான் இந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தவள். தாய்மார் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனால் கைப்பிள்ளைகளை நான்தான் பார்ப்பேன். தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டே தொப்பி பின்னுவேன். யாரும் சொல்லித் தரவில்லை, ஒரு பழைய தொப்பியைப் பிரித்துப் பார்த்துப் பழகியதுதான். லோஜினியின் தாய் கலைச்செல்வி குவைத்துக்குப் போகும்போது பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. எனக்கும் வேறு யாரும் இல்லை. வாய் பெரியம்மா என்று கூப்பிட்டாலும் நான்தான் அம்மா.

வளர்ந்து ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தாள். போன வருசம் ருமேனியாவில் கார்மென்ட் வேலை சரிவந்தது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அங்கே பனி கொட்டுமாம், அடர்த்தியாக ஒரு ஸ்கார்ஃப் பின்னித் தாங்க என்று கேட்டாள். ருவான்வெல்லைக் கடையில் சிவப்புக் கம்பளி நூல் வாங்கி வந்து அடர்த்தியாகத்தான் தொடங்கினேன்.

விசா வந்த அன்று அதைப் பிரித்தேன்.

திரும்ப வேறு மாதிரி பின்னினேன். ஊசியில் நூலை ஒரு சுற்றுக்குப் பதிலாக இரண்டு, மூன்று சுற்றுப் போட வேண்டும். அடுத்த வரிசையில் கூடுதல் சுற்றையெல்லாம் நழுவ விட வேண்டும். கண்ணி தளர்ந்து நீள நீளமாக இழை இறங்கும். பார்க்க அழகாக இருக்கும். விரலை விட்டால் மாட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக் கோகிலா அதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்னாங்க பெரியக்கா, பனிக்குப் போற புள்ளைக்கு மீன் வலை பின்னுறீங்க? ஆத்துலயா வேலை குடுத்திருக்காங்க?"

நானும் சிரித்தேன். இறுக்கமான துணி ரோலரில் பட்டால் சில நேரம் வழுக்கிவிடும் மகள். நீள இழை அப்படியில்லை, ரோலரின் வரிப் பள்ளத்தில் விழுந்தால் விடாது. ஓரத்தை மட்டும் இரட்டை நூலில் இறுக்கி முடித்தேன். அறுந்துவிடக் கூடாதே.

கையில் ஒரு காயம் பட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். விரல் மடங்காவிட்டால் தையல் வேலைக்கு எடுக்கமாட்டார்கள், இங்கேயே இருப்பாள். பெற்றவள் போன வழியிலேயே பிள்ளையும் போவதைத் தடுத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஸ்டோரில் சேலைத் தலைப்பைக்கூட இடுப்பில் செருகி, அதன் மேலே நனையாமல் இருக்கப் படங்குத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் மெசினுக்குப் போவார்கள். லோஜினி கவனமான பிள்ளை. வீட்டில் கொடுத்தால் பெட்டியில் மடித்து வைத்துவிடுவாள். அதனால் அவள் ரோலருக்கு முன்னால் நிற்கும்போது கொண்டுபோனேன். அவளுடைய இரண்டு கையிலும் ரப்பர் பால். நானே கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு முனையை முன்னால் நீளமாக விட்டேன்.

"பெரியம்மா, கழட்டுங்க. கையெல்லாம் பாலு. நான் தொட்டா ஊத்தையாயிரும்."

"இரு புள்ள. ஒருக்கா ஆசை தீரப் பார்த்துக்கிறேன்."

ரப்பர் பால் கம்பளியில் பட்டால் போகாது. நான் பின்னியது பாழாகிவிடும் என்று அவள் தொடவே இல்லை. அவ்வளவு நல்ல மனசு. மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ரப்பர் கட்டியை ரோலருக்குள் கொடுக்கக் குனிந்தாள்.

கையைத்தான் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். கழுத்தில் போட்டவள் நான்தான், இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சுவிட்ச் நான் சாய்ந்து நின்ற சுவரில் இருந்தது. துஷாந்தன் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து, என்னைத் தள்ளிவிட்டு அணைத்தான்.

மூச்சு நின்றிருந்த நேரத்தில் மூளை பழுதாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போது பேச்சில்லை, நடையில்லை. ஊட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் நான்தான். பிள்ளைக் காம்பராவில் என் மடியில் கிடந்தபோது எப்படியோ அப்படியேதான். கழுத்தைத் துடைக்கப் போனால் உடம்பு நடுங்கி, கண்ணில் தண்ணீர் வரும். கோகிலா துடைத்தால் சும்மா கிடப்பாள். என் கை பட்டால்தான் அப்படி. அவ்வளவு பாசம்.

நான் சொன்னதை எழுதிக்கொள்ளுங்க, கையெழுத்து வைக்கிறேன். துஷாந்தனை விட்டுவிடுங்க. அவனுடைய அம்மா தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் உட்கார்ந்து அழுகிறாள். பிள்ளையைப் பிரிந்த தாயைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

கூப்பிடுகிற இடத்துக்கு நான் வருகிறேன். ஜீப்பில் லோஜினிக்கும் கொஞ்சம் இடம் வேணும் மகள். என்னை விட்டு அவள் இருக்கமாட்டாள்.