கொட்டகைப் பனையில் கட்டிய பானை

ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு பட்டணமே காலியா ஓடின வருசமாம் அது. அப்ப நம்ம நடுத்தேரியில ரோடு கிடையாது, கரண்டு கிடையாது. செம்மண்ணும் பனையும்தான். பர்மாவுல இருந்து உசிரக் கையில பிடிச்சிட்டு வந்த சனத்துல காலரா கண்டவங்கள வைக்க, சர்க்கார் இங்க ஒரு தகரக் கொட்டகை போட்டுச்சாம். நீங்க இப்ப டிக்கெட் எடுத்து நிக்கியளே, இதே கொட்டகைதான். கண்ணாடிப் பெட்டியில ஊசியும் கத்தியும் அப்புறம் பாக்கலாம். முதல்ல ஞானப்பூ கதையக் கேளுங்க.

ஞானப்பூ இங்க நோயாளிகளப் பாத்துக்கிட்ட பொம்பள. இருபத்தாறு வயசு. உள்ள எட்டு நோயாளி. அவங்க எந்திரிச்சு ஊருக்குள்ள போயிரக் கூடாதுன்னு வெளிய பூட்டு. ஒரு நாள் உச்சி வெயில்ல, ஜப்பான் கப்பல் தெரியுதுன்னு எவனோ கத்தினானாம். டாக்டர், காவக்காரன், சமையக்காரன் எல்லாரும் லாரியில ஏறிட்டாவ. சாவியும் லாரியில ஏறிருச்சு. ஞானப்பூ உள்ள.

கதவத் தட்டினாளாம். தட்டித் தட்டிக் கை வீங்கிப் போச்சாம். ஜன்னல்ல கம்பி, கம்பிக்கு மேல ஈ வராம இரும்பு வலை. விரல் போற ஓட்டை ஒண்ணே ஒண்ணு. பானையில அரைப்பானைத் தண்ணி. காலராக்காரனுக்குத் தண்ணி எவ்வளவு வேணும்? ஊத்த ஊத்தப் போதாது. தகரம் காயுது, உள்ள மூச்சு முட்டுது, எட்டுப் பேரும் "தண்ணி, தண்ணி"ங்கான். "யாராவது இருக்கியளா!"ன்னு கத்தினாளாம். யாரும் வரல. கத்தினாளாம். யாரும் வரல.

விடிஞ்சப்ப மூணு பேர் போயிட்டாவ. மூலையில கிடத்தி, சுண்ணாம்பத் தூவி, துணியப் போட்டு மூடினா. வேற எங்க கொண்டு போவா? செத்தவங்களும் இருக்கிறவங்களும் ஒரே அறையில.

அந்தக் காலையில தவசிக்கனின்னு ஒரு பனையேறி வந்தாராம். அந்தா நிக்கே, அதே பனையடிக்கு. கிட்ட வரல. பயம்.

"யம்மா... உள்ள ஆளு இருக்கா?"

"இருக்கோம் அண்ணாச்சி! தண்ணி வேணும்! கொதிக்க வச்சு, உப்புப் போட்டுக் கொண்டாங்க!"

அவர் வீட்டுல கருப்பட்டி காய்ச்சுற சட்டிதான் பெரிய சட்டி. அவர் பொஞ்சாதி அவசரத்துல அதக் கழுவாமலே தண்ணியக் கொதிக்க வச்சிட்டா. உப்பும் இனிப்புமாத் தண்ணி. அதுதான் அவங்களக் காப்பாத்துச்சுன்னு போன மாசம் வந்த டாக்டரம்மா சொன்னாவ.

தண்ணி வந்துருச்சு, உள்ள எப்படிப் போகும்? மனுசன் பனைய விட்டு ஒரு எட்டு நகரல. ஞானப்பூ என்ன செஞ்சா? மருந்து ஏத்துற ரப்பர் டியூப்ப ஒண்ணோட ஒண்ணு சொருகி, வலை ஓட்டை வழியா வெளிய தள்ளினா. அவர் ஒரு கம்பால இழுத்து, பனையில பானையக் கட்டி, அதுக்குள்ள நுனியப் போட்டார். இவ உள்ள இருந்து வாயால உறிஞ்சினா. வந்துச்சாம் தண்ணி! அவ அழுதுட்டாளாம்.

மூணாம் நாள் தவசிக்கனி கடப்பாரையோட வந்தார். ஊத்தி ஊத்திப் பயம் கொஞ்சம் விட்டிருக்கும் போல. கதவு வரைக்கும் வந்துட்டார்.

"பூட்ட உடைக்கட்டா?"

"உடைங்க அண்ணாச்சி, உடைங்க!"ன்னு அவ வாயே சொல்லிருச்சு. உள்ள கிடந்தவன்லாம் கதவப் பாத்துத் தவழ ஆரம்பிச்சிட்டான். அத அவ பாத்தா.

"நில்லுங்க. ஊர்ல எத்தன கிணறு?"

"ஒண்ணுதான்."

"அப்ப கடப்பாரையக் கீழ போடுங்க. தாகத்துல இவங்க நேரா அங்கதான் போவாங்க."

கேட்டியளா? இருபத்தாறு வயசுப் பொம்பள, வெளிய போற வழிய அவளே அடைச்சா. வீம்புன்னு சொல்லாதீங்க, எனக்குக் கோவம் வரும். அவளுக்கும் பயம்தான். ஆனாலும் கதவுல சாஞ்சு நாள் முழுக்க அங்கயே உக்காந்திருந்தாளாம்.

அஞ்சாம் நாள் லாரி திரும்பி வந்து பூட்டத் தொறந்தாவ. அஞ்சு பேர் உசிரோட. கடைசியா அவ வந்தா. வெளிச்சத்துல கண்ணு கூசுது. தவசிக்கனி அவ கால்ல விழுந்தாராம்.

"முதல் நாளே நீ கத்தினது கேட்டுச்சு தாயி. காலராக் கொட்டகைன்னு ஓடிட்டேன்."

"தெரியும்"னாளாம். "ஓடின சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

"மன்னிச்சிரு தாயி."

"நான் உசிரோட இருக்கேன் அண்ணாச்சி. எங்கிட்ட எதுக்குக் கேக்கிய? மூலையில மூணு பேர் கிடக்கான், அவங்ககிட்டக் கேளுங்க."

சொல்லிட்டு நடந்துட்டா. பொறவு அவ எந்தக் கதவையும் தாழ் போட்டதில்லன்னு சொல்லுவாவ. அதான் இந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது. திருட வாறவன் வரட்டும்.

தவசிக்கனி அன்னைக்கு இருந்து சாகிற வரைக்கும், முப்பத்தொரு வருசம், தினம் அந்தப் பானையில தண்ணி ஊத்தினார். டியூப்பு வழியா வெறுங் கொட்டகைக்குள்ள போய் விழும். குடிக்க ஆள் கிடையாது. ஊத்தினார். அவருக்குப் பொறவு அவர் மகன். அந்த மகனோட மக நான்.

இந்தாங்க செம்பு. ஓட்டமா ஊத்திட்டுப் போகாதீங்க. உள்ள தண்ணி விழுற சத்தம் கேக்கிற வரைக்கும் நில்லுங்க.