கூப் வேறு, கூப்பே வேறு

அவையை ஆளும் அருமைத் தலைவர் அவர்களே, எங்கள் பிழைகளைப் பொறுத்துப் பொறுத்தே நரைத்துப்போன ஆசிரியப் பெருமக்களே, மடியில் பிள்ளையும் கையில் புத்தகமுமாக வினைச்சொல் படித்த தாய்மார்களே, முன்வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் மனைவியே, முதலில் வணக்கம், அடுத்தது மன்னிப்பு.

நம் பிரெஞ்சு வகுப்பின் இந்த விழாவில், வினைச்சொற்களை அசை பிரித்து உச்சரிப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். யாரை? என்னை. பள்ளியில் வெண்பாவை நேர், நிரை என்று பிரித்துப் பரிசு வாங்கிய வீரன் நான். அந்தத் திமிரோடு இந்த மொழிக்குள் நுழைந்தேன். கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் வாயால் இழுத்து வந்தேன். 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதில் வினைச்சொல்லுக்கு 'பார்ல்' என்றால் போதும். நானோ 'பார்லெந்த்' என்று முழங்கினேன்.

"கடைசி மூணு எழுத்து வாயே திறக்காதுங்க," என்றாள், எனக்கு முன்பே இந்த வகுப்பில் சேர்ந்திருந்த மனைவி.

"அப்புறம் எதுக்கு எழுதி வச்சிருக்கான், அழகுக்கா?" என்றேன்.

சிரியுங்கள், உங்களுக்கு உரிமை உண்டு.

நான் மின்பணியாளன். என்னோடு வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர் நெடுநெடுவென்று இருப்பார். 'ஒட்டகம்' என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர். ஒருநாள் ஓர் அலுவலகத்தின் மாடியில் அவர் விளக்கு மாற்றினார். கீழே சுவிட்சுப் பலகை முன்னால் நான்.

"கரண்டை நிறுத்தியாச்சா?" என்று அவர் மொழியில் கேட்டார்.

சரியான சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்த நான், 'இதோ நிறுத்துகிறேன்' என்று சொல்ல நினைத்தேன். அதற்கு 'ஜெ கூப்' என்றால் போதும். கூப், ஒரே அசை. கடைசி எழுத்து ஊமை. நான் அந்த ஊமையையும் பேசவைத்தேன். 'ஜெ'யையும் நீட்டி, 'ஜே கூப்பே' என்றேன். இரண்டு அசை. அவர் காதில் விழுந்த பொருள், 'நிறுத்திவிட்டேன்'.

கம்பியைத் தொட்டார்.

மேலே ஓடினேன். ஏணியிலிருந்து தூக்கியெறியப்பட்டுத் தரையில் கிடந்தார். மணிக்கட்டு முறிந்திருந்தது, மூச்சு இருந்தது. அந்த மூச்சு இல்லாதிருந்தால், எந்த முகத்தோடு இங்கே நிற்பேன்?

மருத்துவமனையில், "நிறுத்திட்டேன்னுதானே சொன்ன?" என்று கேட்டார்.

"நிறுத்தறேன்னு சொல்ல வந்தேன்."

கட்டுப் போட்ட மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு, "கரண்டு இருக்கான்னு டெஸ்டர் வச்சுப் பாக்காதது என் தப்பு. ஆனா இப்படியே பேசினா உன்கூட இனி வேலைக்கு வரமாட்டேன்," என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவி முன்னால் உட்கார்ந்தேன். "எனக்குச் சொல்லிக்கொடு," என்றேன்.

"கையைத் தட்டுங்க. கூப், ஒரு தட்டு. கூப்-பே, ரெண்டு தட்டு."

குளியலறையில் தட்டினேன். பேருந்தில் தட்டினேன், பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறிடம் போனார். இரண்டு மாதம் கழித்து ஒட்டகம் திரும்பி வந்தார். "ஜெ கூப்," என்றேன். காத்திருந்தார். சுவிட்சை இறக்கிவிட்டு, "ஜே கூப்பே," என்றேன். தலையாட்டினார். பிறகு டெஸ்டரையும் வைத்துப் பார்த்தார். என் உச்சரிப்பின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

உச்சரிப்பு அலங்காரமா? அந்நியர் முன் அணியும் ஆபரணமா? இல்லை, நண்பர்களே, இல்லை. நம் வாயை நம்பி ஒருவர் கையை நீட்டுகிறார். நம் ஓரசையை நம்பி ஓர் உயிர் நிற்கிறது. தெரியாததைக் கேட்க வெட்கப்படாதீர்கள், வீட்டிலேயே கேளுங்கள்.

தவறாகப் பேசியபோதெல்லாம் திருத்திய உங்களுக்கு, இன்று சரியாகச் சொல்ல முயல்கிறேன்: நன்றி, வணக்கம்.